ஏழு எழுத்தையும் வச்சு வார்த்தை கண்டுபிடிக்க ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்

ஸ்கிராபிள் (இங்கிலீஷ் எழுத்துக்கட்டைய அடுக்கி வார்த்தை வைக்கிற கேம்) ஆடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி (T) வந்துச்சுன்னா ரெட்டினாஸ், நாஸ்டியர்னு டக்குனு வச்சிடுவேன், ஏழும் ஒரே தடவைல வச்சா 50 பாயின்ட் போனஸ் வேற, ஆனா அந்த ஐ-க்கு பதிலா இன்னொரு ஈ வந்துட்டா மண்டை ஸ்டக் ஆகிடுது. ஈஸ்டர்ன் தோணுச்சு, அப்புறம் ஈ-எஸ்-டி மூணையும் கடைசிக்கு ஒதுக்கி பாத்தேன், நியரஸ்ட் கிடைச்சுது. இன்னொன்னு இருக்காமே, அது என்னங்க? அதே எழுத்தை மாத்தி அடுக்கினா வர்ற லிசன்-சைலன்ட் எல்லாம் சொல்லாதீங்க, அது எல்லாருக்கும் தெரியும் 😄 வார்த்தை கண்டுபிடிச்சு தர்ற ஆப் பேரும் வேணாம். ஏ டு இசட் வரிசைல அடுக்கினா ரெண்டு வார்த்தையும் ஒரே செட்டான்னு செக் பண்ணலாம், சரி, ஆனா புதுசா ஒன்னு கண்டுபிடிக்க நீங்க எப்டி யோசிப்பீங்க?