ஏற்காடு ஏறும்போது மட்டும் வண்டி சூடாகுது – தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாமா?

அஸ்தம்பட்டி_டீசல்:

வணக்கம்ங்க. 11 வருஷ டீசல் ஹேட்ச்பேக், 1,18,000 கி.மீ. ஓடினது. சேலம் டவுனுக்குள்ள டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நிக்குது. அஞ்சு ரோட்டுல டிராஃபிக்ல மாட்டினாலும் ஃபேன் சுத்தி இறக்கிடுது. பைபாஸ்ல 80-ல போனாலும் ஒண்ணும் ஆகலை. கோரிமேடு தாண்டி அடிவாரத்துல மலை ஏற ஆரம்பிச்சா, 8, 9-ஆவது கொண்டை ஊசிக்குள்ள முள் முக்காலுக்கு வந்துடுது. ஏசியை அணைச்சா மெதுவா இறங்குது. வண்டியில நாலு பேர், பின்னாடி லக்கேஜ்.

ரிசர்வ் டப்பாவுல மாசம் 200 மில்லி போலக் குறையுது. இதுவரைக்கும் ஊத்தினது வீட்டு போர் தண்ணி. உள்ள இருக்கறது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கலங்கின துருக் கலர்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிட்டா சூடே ஆகாதுன்னு பட்டறையில சொல்றாங்க. செய்யலாமா? மலையில சூடானா மூடியைத் திறந்து தண்ணி ஊத்தலாமா? வீட்டுலேயே ஃப்ளஷ் பண்ண (உள்ள இருக்கறதை வடிச்சுக் கழுவ) முடியுமா?

ரேடியேட்டர்_வேலை:

தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறின பிறகு ரேடியேட்டருக்கு வழி திறந்து விடற வால்வு) கழற்றாதீங்க. சூட்டோட மூடியையும் திறக்காதீங்க. காரணத்தைச் சொல்றேன், ஏன்னா உங்க வண்டியோட பிரச்சினையும் அதுக்குள்ளதான் இருக்கு.

நிக்கறப்ப சூடாகலைன்னா ஃபேன், ரிலே, சென்சார் மூணும் வேலை செய்யுது. சமவெளியில இன்ஜின் கொஞ்சம்தான் உழைக்குது, எதிர்க்காத்தும் நிறைய கிடைக்குது, அதனால பாதி அடைச்ச ரேடியேட்டர்கூடச் சமாளிச்சுடும். மலையில ரெண்டாவது கியர்ல 25-30 கி.மீ. வேகம், காத்து குறைவு, உழைப்பு முழுசு. ரேடியேட்டரோட முழு பலமும் தேவைப்படறது அங்கதான். அதனால முதல் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு மேல, அடுத்தது மூடி, அப்புறம்தான் தெர்மோஸ்டாட்.

போர் தண்ணி ஏன் ஆகாதுன்னா, சேலத்தைச் சுத்தி வெள்ளைக்கல் விளையற மண். செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் சுரங்கமே இருக்கு. தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு கூடுதல். வாட்டர் ஹீட்டர் காயில்ல வெள்ளையா ஏடு படியுதே, அதேதான் ரேடியேட்டரோட மெல்லிய குழாய்க்குள்ளயும் படியும். ஏடு சூட்டை வெளிய விடாது. போதாக்குறைக்கு உப்புத் தண்ணி இன்ஜினோட மேல் பாகமான அலுமினிய ஹெட்டையும், அதுக்குக் கீழ இருக்கற இரும்பு பிளாக்கையும் அரிக்கும். நீங்க பாக்கற துருக் கலர் அதோட அடையாளம்.

அடுத்து மூடி. இது குக்கர் வெயிட் மாதிரி. மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சாத்தான் தண்ணியோட கொதிநிலை ஏறும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சுடும். பெரும்பாலான வண்டிகள்ல ரேடியேட்டர் ஃபேன் சுத்த ஆரம்பிக்கறதே 92-லிருந்து 98 டிகிரிக்குள்ளதான். 0.9 பார் (அழுத்தத்தோட அளவு) தாங்கற நல்ல மூடி இருந்தா அதே தண்ணி அங்கயும் 115 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரேடியேட்டருக்குன்னே விக்கற கூலன்ட் திரவத்தைத் தண்ணியில பாதிக்குப் பாதி கலந்தா இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். மூடியோட ரப்பர் செத்துப்போச்சுன்னா இந்த வித்தியாசம் மொத்தமும் போயிடும். டவுனுக்குள்ள தெரியாது, மேல போனாத்தான் தெரியும்.

சூட்டோட திறக்கறதுல இருக்கற ஆபத்தும் இதேதான். உள்ள 105 டிகிரியில தண்ணி, அழுத்தம் இருக்கறதால கொதிக்காம அடங்கி இருக்கும். மூடி கழண்ட நொடியில மொத்தமும் ஆவியாப் பொங்கி முகத்துல, கையில அடிக்கும். இன்ஜினை நிறுத்தி முக்கால் மணி நேரம் விடுங்க. அப்புறம் மேல் ஹோஸைத் துணி வெச்சு அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா இன்னும் அழுத்தம் இருக்கு. மெத்துன்னு அமுங்கி, கை தாங்கற சூடா இருந்தாத்தான் திறக்கலாம். தடிமனான துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் நிறுத்தம் வரைக்கும் கால் சுத்து திருப்புங்க. 'உஸ்'ஸுன்னு காத்து முழுசாப் போனதும் அமுக்கித் திருப்பி எடுங்க. சாவி எடுத்த பிறகும் சில வண்டிகள்ல ஃபேன் தானாச் சுத்தும், விரல் கிட்டப் போகக் கூடாது.

காலையில குளிர்ந்த இன்ஜின்ல மூடியைக் கழற்றி, அடிப்பக்க ரப்பர் வளையத்தை நகத்தால அமுக்கிப் பாருங்க. வெடிப்பு இருந்தாலோ, அமுங்காமக் கெட்டியா இருந்தாலோ, விளிம்புல பள்ளம் விழுந்திருந்தாலோ மாத்திடுங்க. நடுவுல சின்னதா ஒரு வால்வு இருக்கும். வண்டி ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ள இழுக்கறது அதுதான். அது ஒட்டிக்கிட்டா டப்பா ரொம்பும், ரேடியேட்டர் வறண்டு போகும், மேல் ஹோஸ் உள்வாங்கி நசுங்கிக் கிடக்கும். புது மூடியில அதே எண்தான் பொறிச்சிருக்கணும், 0.9 இருந்த இடத்துல 1.3 போட்டா பழைய ஹோஸ் பிய்ச்சுக்கும்.

தெர்மோஸ்டாட் கழற்றச் சொல்றது பழைய வழக்கம். உங்க மாதிரி வண்டியில தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதோட அடித்தட்டு பைபாஸ் பாதையை மூடும். அதை எடுத்துட்டா கூலன்ட்ல ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும். மலையில சூடு கூடத்தான் செய்யும். சமவெளியில இன்ஜின் சூடேறாம ஓடி டீசல் அதிகம் குடிக்கும்.

சந்தேகம்னா சோதிங்க. கழற்றினதைச் சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்துல, அடியில படாம நூல்ல கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட தண்ணியைச் சூடாக்குங்க. மேல 82 இல்லைன்னா 88ன்னு எண் இருக்கும். அந்த டிகிரிக்கு ஒட்டித் திறக்க ஆரம்பிச்சு, இன்னும் 10-12 டிகிரிக்குள்ள முழுசாத் திறக்கணும். தட்டு 8 மி.மீ.க்குக் குறையாம நகரணும். பாதியில நின்னா புதுசு போடுங்க, கூடவே புது ஓ-ரிங்.

மலைப்பாதை_வண்டி:

மேல அண்ணன் சொன்னதோட ரோட்டுல என்ன செய்யறதுன்னும் சேர்த்துக்கங்க.

மூணாவது கியர்ல திணறிக்கிட்டு ஏறாதீங்க. ரெண்டாவதுல போட்டு 2,000-2,500 சுத்துல வெச்சா வாட்டர் பம்பும் வேகமா சுத்தும். முள் பாதியைத் தாண்டின உடனே ஏசியை அணைங்க. அப்பவும் ஏறினா கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழு சூட்டுல வெச்சு ப்ளோயரை உச்சத்துல ஓட விடுங்க. உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குக் கஷ்டம்தான், ஆனா ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர், முள் இறங்கும்.

ஓரம் கட்டறதுன்னா வளைவுல வேண்டாம், அகலமான இடம் வர்ற வரைக்கும் போங்க. அங்க முள் சிவப்புக்கு வராம, ஆவியும் இல்லாம இருந்தா உடனே ஆஃப் பண்ணாதீங்க. ஃபேன் ஓடறபடி ஐடில்ல ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. பட்டுன்னு அணைச்சா பம்ப் நின்னு, ஹெட்டுல இருக்கற சூடு அங்கேயே தங்கிடும். ஆனா சிவப்பு விளக்கு எரிஞ்சாலோ, பானட்டுல ஆவி வந்தாலோ, ஏறின முள் திடீர்னு சரிஞ்சாலோ அந்த நிமிஷமே அணைக்கணும். கடைசியா சொன்னதைப் பலரும் 'ஆறிடுச்சு'ன்னு தப்பா எடுத்துக்கறாங்க. தண்ணி வத்தி சென்சார் காத்துல தொங்கினாலும் முள் இறங்கும்.

காய்ஞ்ச சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா ஹெட் வளையும், வெடிக்கவும் செய்யும். முழுசா ஆறின பிறகுதான் எதுவும். ஆவி பட்டுட்டா ஓடற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ், பற்பசை, இங்க் எதுவும் தடவக் கூடாது. முகம், கண்ணுன்னா நேரா ஆஸ்பத்திரி.

அஸ்தம்பட்டி_டீசல்:

ரொம்ப நன்றிங்க அண்ணா. இன்னிக்குக் காலையில பார்த்தது: மூடி ரப்பர்ல ரெண்டு இடத்துல வெடிப்பு. மேல பொறிச்சது 0.9. ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் வாயில பார்த்தேன், குமிழ் வரலை. ஆயில் மூடிக்குள்ள வெண்ணெய் மாதிரி எதுவும் இல்லை. வாட்டர் பம்புக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டையிலிருந்து வெள்ளையும் பச்சையுமாக் காய்ஞ்ச கறை வழிஞ்சிருக்கு. மேனுவல்ல கூலன்ட் கொள்ளளவு 6 லிட்டர். கடையில ரெடிமிக்ஸ் (தண்ணி கலந்தே வர்றது), கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காதது) ரெண்டும் இருக்கு. எது வாங்கறது?

தாரமங்கலம்_மெக்:

அந்த ஓட்டைதான் வீப் ஹோல். பம்போட சீல் தேய்ஞ்சா கூலன்ட் பேரிங் பக்கம் போகாம வெளிய வர்றதுக்குன்னே வெச்சது. கறை இருந்தா சீல் போயிடுச்சு. மாசம் 200 மில்லி அங்கதான் போகுது. பம்பை முதல்ல மாத்துங்க, அப்புறம் ஃப்ளஷ். டைமிங் பெல்ட் பம்பைச் சுத்தற வண்டின்னா பெல்ட், டென்ஷனர், பம்ப் மூணையும் ஒரே தடவையில மாத்திடணும். இது பட்டறை வேலை, வீட்டுல தொடாதீங்க. கழற்றின பம்போட இறக்கையையும் பாருங்க. உப்புத் தண்ணி ஓடினதுன்னா இறக்கை அரிச்சு மழுங்கியிருக்கும்.

குமிழ் இல்லை, ஆயில் சுத்தம்னா ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) பத்தி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

ஃப்ளஷை வீட்டுலேயே செய்யலாம். ராத்திரி முழுக்க ஆறின வண்டி, சமதளம், சக்கரத்துக்குக் கட்டை. ஹீட்டர் லீவரை சூடு பக்கம் வைங்க. 8 லிட்டர் பிடிக்கற டப்பைக் கீழ வெச்சு ரேடியேட்டர் அடிப்பிளக்கைத் திறங்க. வடிஞ்சதை அளந்து எழுதி வைங்க. 6 லிட்டர் வண்டியில 4, 4½தான் வரும். மீதி பிளாக்குக்குள்ளயே நிக்கும். பின்னாடி கூலன்ட் ஊத்தறப்ப கை கொடுக்கற அளவு இதுதான்.

டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாகற வரைக்கும் ஓட்டுங்க. கீழ் ஹோஸ் சூடானாத்தான் தெர்மோஸ்டாட் திறந்ததா கணக்கு. அணைச்சு, முழுசா ஆற விட்டு, வடிங்க. தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு, மூணு தடவை. வினிகர், பாத்ரூம் ஆசிட் எதுவும் வேண்டாம், அலுமினியத்தைத் தின்னுடும். மூணாவது தடவையும் ஏடு ஏடாக் கொட்டினா ரேடியேட்டரையே மாத்தறதுதான் சரி. தண்ணி வாங்கும்போது இன்னொரு கவனம்: பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டரும் ஆசிட்டும் ஒரே மாதிரி கேன்ல அடுக்கியிருக்கும். லேபிளைப் படிச்சு வாங்குங்க.

இப்ப உங்க கேள்வி. ஃப்ளஷ் முடிஞ்சதும் பிளாக்குக்குள்ள ஒன்றரை, ரெண்டு லிட்டர் வெறும் தண்ணி தங்கியிருக்கும். அதுமேல ரெடிமிக்ஸ் ஊத்தினா நீர்த்துப்போகும், பாதிக்குப் பாதின்னு லேபிள்ல போட்டிருந்தாலும் உள்ள மூணுல ஒரு பங்குக்குச் சரிஞ்சுடும். அதனால கான்சன்ட்ரேட் வாங்குங்க. மொத்தம் 6 லிட்டர்ல பாதி, அதாவது 3 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதல்ல அப்படியே ஊத்துங்க. மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால ரொப்புங்க. கணக்கு நேரா வந்துடும். நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மேனுவல்ல சொன்ன வகையைப் பாருங்க. அடுத்த மாற்றத்துக்கும் மேனுவல் கெடுதான் கணக்கு.

காத்து எடுக்கறதுல அவசரம் கூடாது. வண்டியோட மூக்கு கொஞ்சம் உசரமா இருக்கற மாதிரி ஏத்தத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுக் கட்டை வைங்க. ப்ளீடர் ஸ்க்ரூ (காத்தை வெளிய விடற திருகு) இருந்தா, குமிழ் இல்லாம ஒரே தாரையா வர்ற வரைக்கும் திறந்து மூடுங்க. மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி, ஹோஸ் சூடேறறதுக்கு முன்னாடி மேல் ஹோஸைப் பிசைஞ்சு விட்டா 'குளுக் குளுக்'னு காத்து வரும். மட்டம் இறங்க இறங்க ஊத்துங்க. ஹோஸ் சூடாக ஆரம்பிச்சதும் புது மூடியைப் போட்டுடுங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கட்டும். ஹீட்டர்ல சூடான காத்து வரலைன்னா உள்ள இன்னும் காத்து இருக்கு.

ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்த இடுக்குலதான் தூசி, பூச்சி, பஞ்சு எல்லாம் மெத்தை மாதிரி அப்பியிருக்கும், வெளிய தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னாடி நோக்கி சாதா ஹோஸ் தண்ணி விடுங்க. பிரஷர் கன் அடிச்சா ரேடியேட்டரோட மெல்லிய தகடுகள் (ஃபின்) மடிஞ்சு காத்தே போகாது.

ரேடியேட்டர்_வேலை:

தம்பி, வடிச்ச பழைய கூலன்டைச் சாக்கடையில விடாதீங்க. அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் விஷம், ருசி இனிப்பு. நாய், மாடு, மலைப்பாதைக் குரங்கு எல்லாம் நக்கும், கிட்னி போயிடும். சிந்தின இடத்தை மண் போட்டு ஒத்தி, நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க. மூடியோட கேன்ல அடைச்சுப் பழைய ஆயில் வாங்கற பட்டறையில கேட்டுக் கொடுங்க. குளிர்பான பாட்டில்ல ஊத்தி வீட்டுல வைக்கவே வேண்டாம், குழந்தைங்க எடுத்துக் குடிச்சுடும். யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காம 108-ஐக் கூப்பிட்டு, லேபிளோட சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

அஸ்தம்பட்டி_டீசல்:

சரிங்க அண்ணா, கேனே எடுத்து வெச்சுக்கறேன். வேலை முடிஞ்ச மறுநாளே ஏற்காடு போகலாமா?

தாரமங்கலம்_மெக்:

மூணு, நாலு நாள் டவுனுக்குள்ளயே ஓட்டுங்க. தினமும் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டப்பா மட்டத்தை மார்க்கர்ல கோடு போட்டுப் பாருங்க. மிச்சக் காத்து வெளிய வர்றதால முதல் ரெண்டு நாள் 100, 200 மில்லி குறையலாம், பாதிக்குப் பாதி கலந்ததையே ஊத்துங்க. அதுக்கப்புறமும் கோடு இறங்கினா பட்டறையில பிரஷர் டெஸ்டர் மாட்டச் சொல்லுங்க: 0.9 பாருக்குப் பம்ப் அடிச்சு 15 நிமிஷம் விட்டா முள் அசையக் கூடாது. கோடு நின்னுடுச்சுன்னா கிளம்புங்க. முதல் தடவை ஏசி இல்லாம ஏறி, 9-ஆவது வளைவுல முள் எங்க நிக்குதுன்னு இங்கயே எழுதுங்க.