மறு: மறு: தன்னுணர்வா, தற்போதமா? வியாழன் மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

வண்ணை ஆசிரியை எழுதியது (திங்கள், இரவு):

குழுவினருக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு நூலக மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்காக ஒரு பாடத்தாளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அது மண்ணடி அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கிய முனிவர் தம் மனைவி மைத்ரேயிக்குச் சொல்லும் இடத்தில் நின்றுபோயிருக்கிறேன். கணவன் பிரியமானவன் ஆவது கணவனுக்காக அன்று, ஆத்மாவுக்காக. மனைவியும் மக்களும் செல்வமும் அப்படியே என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். வடமொழியில் 'ஆத்மன்' என்பது 'தன்' என்ற பொருளிலும் வரும் என்பதால் 'தன் பொருட்டே' என்று எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்படியென்றால் இது சுயநலம்தானே, டீச்சர்?" மனைவியர் இருவருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிற மனிதர் பேசுகிற பேச்சு என்று தெரிந்ததும் அவளுடைய சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

பாடத்தாளின் தலைப்பிலேயே இரண்டு சொற்கள் எதிரெதிராக நிற்க வேண்டும். ஒன்று சுயநலம். மற்றது, தன்னைத் தான் அறிவது. அதற்கு என்ன சொல்? உளவியல் நூல்களில் 'சுய விழிப்புணர்வு' என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விழிப்புணர்வு என்றால் கொசு மருந்து அடிக்க மாநகராட்சி ஆட்கள் வருகிறார்கள் என்று பொருள். வேறு சொல் தாருங்கள்.

தண்டையார் தமிழன்:

அம்மா, 'தன்னுணர்வு'. வேறெங்கும் தேட வேண்டாம். தன் + உணர்வு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். உங்கள் மாணவிக்கே தெரிந்த புணர்ச்சி. 'சுயநலம்' என்பதையும் எடுத்துவிட்டுத் 'தன்னலம்' என்று போடுங்கள். இரண்டும் 'தன்' என்றே தொடங்கி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'நான்' தன்மைப் பெயர். 'தான்' படர்க்கைப் பெயர். 'தன்னை அறி' என்னும்போது, நம்மையே அயலாரைப் போல எட்ட நின்று பார்க்கச் சொல்கிறது தமிழ். அகந்தை 'நான்' என்கிறது, அறிவு 'தான்' என்கிறது. இந்த நுட்பம் வேறெந்த மொழியில் உண்டு?

பெரம்பூர் தோழர்:

> இந்த நுட்பம் வேறெந்த மொழியில் உண்டு?

தெலுங்கில் 'தானு' இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். அதை விடுங்கள். 'தான் என்ற அகங்காரம்' என்றுதானே தமிழில் காலங்காலமாகச் சொல்கிறோம்? உங்கள் கோட்பாட்டின்படி அது 'நான் என்ற அகங்காரம்' அல்லவா ஆகியிருக்க வேண்டும்?

'சுய' ஆகாது என்பவர்கள், 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்துக்கு முதலில் பெயர் மாற்றிவிட்டு வரட்டும். 'தன்மானம்' என்ற சொல்லும் கூடவே புழங்குகிறது. யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆசிரியை அம்மா சுயநலத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றியூரான்:

> 'தன்னுணர்வு'. வேறெங்கும் தேட வேண்டாம்.

தேடாமல் விட்டதுதான் கோளாறு. சைவ சித்தாந்தத்தில் இதே உறுப்புகளோடு ஒரு சொல் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது: தற்போதம். தன் + போதம்; வல்லினம் வந்ததால் னகரம் றகரமாயிற்று. உயிர் தன் அறிவையும் செயலையும் தன்னுடையவை என்று பிடித்துக்கொள்ளும் முனைப்புக்கு அந்தப் பெயர். அது வளர்க்க வேண்டியது அன்று, இழக்க வேண்டியது. 'தற்போதம் இழத்தல்' என்றுதான் எங்கள் வகுப்பில் படித்திருக்கிறோம். 'போதம்' வடசொல் என்று அதை எடுத்துவிட்டு 'உணர்வு' என்று வைத்தால் உங்கள் 'தன்னுணர்வு' வந்துவிடுகிறது. நோயின் பெயரை மருந்துச் சீசாவில் ஒட்டுகிறீர்கள்.

உயிர் பக்குவப்படும் பத்துப் படிகளான தசகாரியத்தை நினைத்துப் பாருங்கள். உடல், பொறி, மனம் முதலிய தத்துவங்களை அறிவது, அவை தான் அல்ல என்று காண்பது, அவற்றிலிருந்து நீங்குவது: தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி. அடுத்து ஆன்ம ரூபம், ஆன்ம தரிசனம், ஆன்ம சுத்தி. சிவனைப் பற்றியவை மீதி நான்கு. பத்தில் தன்னை அறிவது நடுவில் வருகிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டால் 'அறிந்தவன் நான்' என்பது மிஞ்சும். அதுவும் கழல்வதுதான் ஆன்ம சுத்தி. எனவே என் பரிந்துரை 'ஆன்ம தரிசனம்'.

தண்டையார் தமிழன்:

ஒற்றியூர் ஐயா, 'ஆன்ம தரிசனம்' என்று தலைப்பு வைத்தால் பிள்ளைகள் சுண்டலுக்குக் கிண்ணம் எடுத்துக்கொண்டு வருவார்கள். தனித்தமிழ் இயக்கம் தொடங்கி (1916) நூறாண்டு கடந்த பிறகுமா இரண்டு சொல்லுக்கு இரண்டு வடசொல்?

போகட்டும், 'ஆணவம்' மட்டும் நம் சொல். 'ஆண்' என்ற வேரிலிருந்து ஆண்மை, ஆளுமை, ஆணவம். ஆளத் துடிப்பது ஆணவம். இதிலிருந்து பார்த்தால் சுயநலத்துக்கு 'ஆணவநலம்' என்று கூட...

ஒற்றியூரான்:

இல்லை ஐயா. 'அணு' என்பதன் வழி வந்தது 'ஆணவம்'. எங்கும் நிறைந்த தன்மையுடைய உயிரை அணு அளவாகக் குறுக்கிவைப்பதால் அந்தப் பெயர். ஆண்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஆணவநலம்' என்பதை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் கிளறியது நல்லதாயிற்று. சுயநலம் என்பதை 'தன்னைப் பெரிதாக நினைப்பது' என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சித்தாந்தம் அதைத் தன்னைச் சிறிதாக்கிக்கொண்டதன் விளைவு என்கிறது. குறுகிப்போனதால்தான் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. அந்த மாணவிக்கு இதைச் சொல்லுங்கள் அம்மா, சொல் கிடைக்காவிட்டாலும்.

மட்டுறுத்துநர்:

ஆணவத்தின் வேர்ச்சொல்லுக்குத் தனி இழை தொடங்கவும். இங்கே வேண்டாம்.

கொருக்குப்பேட்டை அடியான்:

இரண்டு நாளாகச் சைவமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திருவாய்மொழி இரண்டாம் பத்தில் நம்மாழ்வார் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்:

யானே என்னை அறியகிலாதே
யானே என்தனதே என்றிருந்தேன்

முதல் அடி அறியாமை, இரண்டாம் அடி அதனால் வந்த 'யான், எனது'. தன்னை அறியாததால்தான் தன்னலம். அறிந்தவனிடத்தில் அது நிற்க இடமே இல்லை. அடுத்த அடியில் 'யானே நீ, என் உடைமையும் நீயே' என்று சாவியை உரியவரிடம் கொடுத்துவிடுகிறார். யாக்ஞவல்கியர் சொன்ன ஆத்மாவும் மைத்ரேயி 'நான்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த நான் அன்று. 'தன் பொருட்டு' என்று எழுதினால் மாணவி கேட்கத்தான் செய்வாள். அங்கே 'ஆன்மாவின் பொருட்டே' என்று விட்டுவிடுங்கள். தலைப்புக்குப் புதுச் சொல்லே வேண்டாம்: 'தன்னை அறிதல்' போதும். 'தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை' என்று உங்கள் திருமூலரும் சொல்லியிருக்கிறாரே.

பெரம்பூர் தோழர்:

எல்லாம் சரி. பாடத்தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்: தனக்குரியதைக் கேட்பது சுயநலம் அன்று. 1918இல் இதே பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, 'எனது' என்று அவர்கள் சொன்னது தங்கள் உழைப்பின் கூலியை. வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு 'எனது' என்று சொல்ல இன்னும் எதுவும் கைக்கு வரவில்லை. வருவதற்கு முன்பே விடச் சொல்லாதீர்கள்.

ஒற்றியூரான்:

தோழர் சொன்ன வரி சேர வேண்டும். உடன்படுகிறேன்.

நேற்றிரவு குறளில் ஒன்று அகப்பட்டது. 'தன்னுயிர் தான்அறப் பெற்றானை' (268). 'அற' என்பதற்கு 'முற்றிலும்' என்றும் பொருள், 'அற்றுப்போக' என்றும் பொருள். பரிமேலழகர், தன் உயிரைத் தனக்கே உரியதாகப் பெற்றவன் என்கிறார். மணக்குடவர், உயிரைத் தான் என்று கருதும் கருத்து அறப் பெற்றவன் என்கிறார். ஒருவருக்கு அது பெறுதல், மற்றவருக்கு இழத்தல். நாம் சண்டை போடும் இரண்டு கட்சியும் ஒரே சீரில் உட்கார்ந்திருக்கின்றன.

எங்கள் ஊர்க் கதையும் இங்கே பொருந்தும். தாம் மணக்கவிருந்த சங்கிலியாரை விட்டுப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னிதியில் சொன்ன சொல் தம்மைக் கட்டக் கூடாது என்று, அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவன் ஒப்புக்கொண்டு, சங்கிலியாரின் கனவில் போய் 'மகிழடியில் சத்தியம் வாங்கு' என்று சொல்லிவிட்டார். இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. சிவனுக்கே தோழர் என்பதால் தம்பிரான் தோழர் எனப்பட்ட சுந்தரருக்கே தன்னலம் அவ்வளவு எளிதில் போகவில்லை. சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டதும் கண் போயிற்று. பாடத்தாளுக்கு மைத்ரேயியை விட இது நல்ல எடுத்துக்காட்டு. பஸ் ஏறினால் மரத்தையே காட்டலாம்.

வண்ணை ஆசிரியை (வியாழன், காலை):

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 'தன்னுணர்வு' பக்கம் ஆள் அதிகம். மகிழ்ச்சியோடு வந்தவர்கள் சிலர், களைத்துப்போய் வந்தவர்கள் பலர். தலைப்பு: 'தன்னுணர்வும் சுயநலமும்'. உபநிடத வரியில் 'ஆன்மாவின் பொருட்டே'. ஆழ்வார் பாசுரமும் தோழரின் வரியும் சேர்ந்துவிட்டன. குறுகிப்போன உயிர் பற்றி ஒற்றியூர் ஐயா சொன்னதை நேற்று அந்த மாணவியிடம் சொன்னேன். "அது சரி, ஆனால் மைத்ரேயிக்கு இது புரிந்ததா?" என்று கேட்டாள். அடுத்த பாடத்தாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தண்டையார் தமிழன்:

'தன்னுணர்வு' பக்கத்திலேயே 'சுயநலமா'? ஒரு காலில் செருப்பு, மறு காலில் ஷூ. தன்னலம் என்று போட இன்னும் நேரம் இருக்கிறது அம்மா.

ஒற்றியூரான்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், பொருளுக்குக் கட்டுப்படவில்லை. அடிக்குறிப்பில் ஒரு வரி இடம் கொடுங்கள்: 'சைவ சித்தாந்தத்தில் தற்போதம் என்பது இதன் எதிர்ப்பொருளில் வரும்.' இடமில்லை என்றால் தண்டையார் நண்பரின் புணர்ச்சி விளக்கத்தை எடுத்துவிட்டு அங்கே போடலாம்.