ஊருக்கு உழைத்தவர்களுக்கு மரியாதை: சால்வையா, கேடயமா, வேறு ஏதாவதா?

கடைமடை (பேராவூரணிப் பக்கம்)

வணக்கம். நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினக் கிராம சபை அன்று, ஊருக்காகக் காசு வாங்காமல் உழைத்தவர்களைச் சிறப்பிக்கலாம் என்று எங்கள் இளைஞர் மன்றத்தில் முடிவு செய்திருக்கிறோம். 2018 கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு, 2019இல் கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பின் இளைஞர்கள் மக்களிடம் பணம் திரட்டிப் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள் அல்லவா? அதைப் பார்த்துத்தான் நாங்களும் எங்கள் ஏரியில் கை வைத்தோம்.

பட்டியலில் இப்போது இருப்பவர்கள்: ஏரி மதகைத் திறந்து மூடும் எழுபது வயதுப் பெரியவர், பள்ளிக்கூடச் சாலையில் வேம்பு நட்டு, ஆடு கடிக்காமல் முள் அடைத்து வளர்த்த அக்கா, நடுராத்திரியில் பிரசவம் என்றாலும் வாடகை கேட்காமல் ஆட்டோ எடுக்கும் தம்பி, தூய்மைக் காவலர்கள் இருவர். ஏரி வேலைக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களுக்கும் அதே மேடையில் மாலை போட வேண்டும் என்று ஒரு கூட்டம் நிற்கிறது. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரை அழைக்காமல் எப்படி என்று இன்னொரு கூட்டம். என்ன கொடுப்பது, யாரை அழைப்பது? விழா நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்

பெரிய மனிதர்கள் யாரையும் அழைக்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் வர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை மாலைக்கு உரியவர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வந்த பிறகு அவரைப் புகழவே நேரம் சரியாக இருக்கும்.

ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு 35 வயதுக்குள் என்றால் முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் சமுதாயப் பணிக்கு உரியது அது. செய்த பணிக்குச் சான்று கேட்பார்கள். அழைத்துப் போன தேதி, யார் வீட்டுக்கு என்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பழைய செயலர்

ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அலுவலக அலமாரியில் கொடுக்காமல் மிஞ்சிய கேடயங்கள் மட்டும் ஒரு தட்டு நிறைய இருந்தன. பொன்னிறப் பூச்சு உரிந்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தெரிந்தது. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூய்மைக் காவலர்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள். அவர்கள் செய்வது தொண்டு அன்று, வேலை. ஊதியம் மாதாமாதம் தேதியில் கைக்கு வருகிறதா, கையுறையும் காலணியும் கொடுத்தார்களா என்று அதே கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஊதியம் பாக்கி இருக்கும்போது சால்வை போர்த்தினால் அது பரிகாசம்.

பணம் கொடுத்தவர்களுக்கு முதல் மரியாதை ரசீது. இரண்டாவது மரியாதை வரவு செலவுக் கணக்கு. மண் அள்ளும் இயந்திரத்துக்கு எத்தனை மணி நேரம், டீசல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மாலை கேட்டவர்கள் பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

மற்ற மூவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? மதுரை யா. கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மாளை நினைத்துப் பாருங்கள். பல கோடி பெறுமானமுள்ள 1.52 ஏக்கர் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவர். 2024 குடியரசு தின விழாவில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். ஆனால் அந்த அம்மா கேட்டது விருது அன்று. இறந்துபோன தம் மகள் ஜனனியின் பெயரைப் பள்ளிக்கு வைக்க வேண்டும் என்பதைத்தான் கேட்டார். அதை நாமாக யோசித்திருக்க முடியுமா?

இன்னொன்று, நேராகவே சொல்கிறேன். மதகு வேலை பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் பெரும்பாலும் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். சால்வையைக் கையில் கொடுத்து அனுப்புவதும் தோளில் போர்த்துவதும் ஒன்றாகாது. முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போடுங்கள். அவர் மனைவிக்கும் பக்கத்தில் போடுங்கள். போர்த்துவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கடைசியாக, கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். "சிறந்த சேவைக்காக" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். "கரை உடையும் நிலையில் இருந்த இரவில் மதகைத் திறந்து தண்ணீரை வடித்தவர்" என்பது போல, என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அதன் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். கேடயத்தைவிடச் செலவு குறைவு.

கடைமடை

ஐயா, நேற்றே போய்க் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, மதகுத் திருகுக்கம்பியில் மரை தேய்ந்து நழுவுகிறது, அதை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். திருகும் இடத்தைத் தொட்டும் காட்டினார்; கோணியைச் சுற்றிப் பிடித்துத்தான் இத்தனை நாள் திருப்பியிருக்கிறார். நல்ல டார்ச் ஒன்றும் வேண்டுமாம். அக்கா மேடைக்கு வரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோடையில் தண்ணீர் ஊற்ற இரண்டு பிள்ளைகளை அனுப்பினால் போதுமாம். தூய்மைக் காவலர்களின் ஊதியப் பாக்கியைக் கிராம சபையில் நான் கேட்கிறேன். மன்றத்தில் பேசிவிட்டேன், சட்டமன்ற உறுப்பினர் அழைப்பைக் கைவிட்டாயிற்று. ஆட்டோத் தம்பிக்கு வயது 36, விருதுக்கு வழியில்லை. டீசலுக்கு மன்றத்திலிருந்து மாதம் ஒரு தொகை ஒதுக்கலாம் என்று பேச்சு.

திருகுக்கம்பியைப் பட்டறையில் கடைந்து வாங்கலாமா, அல்லது மதகு அரசுச் சொத்து என்பதால் முதலில் மனு கொடுக்க வேண்டுமா?

பழைய செயலர்

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு. பெரிய ஏரி என்றால் நீர்வளத் துறையின் பொறியாளரிடம். கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்துக் கொடுங்கள். அனுமதி வராமல் மதகில் கை வைக்காதீர்கள், மழைக்காலம் தொடங்கிவிட்டது. டார்ச்சை இன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.