தூர்தர்ஷன் பிரசார நேரம் சுயேச்சைக்கு ஏன் இல்லை?

கேள்வி:
தேர்தல் சமயத்தில் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சித் தலைவர்கள் பேசுகிறார்களே, அந்த நேரத்தை யார் எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்கள் தொகுதி சுயேச்சை வேட்பாளருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்கிறார்கள், இது என்ன நியாயம்?

பதில் 1:
உண்மைதான், கிடையாது. 1998 மக்களவைத் தேர்தலில் வந்த ஏற்பாடு இது, அங்கீகாரம் பெற்ற தேசியக் கட்சி, மாநிலக் கட்சிகளுக்கு மட்டும். எல்லோருக்கும் சமமாக ஓர் அடிப்படை நேரம், அதற்கு மேல் கடந்த தேர்தலில் வாங்கிய வாக்கைப் பார்த்துக் கூடுதல் நேரம். ஒரே அமர்வில் 15 நிமிடத்துக்கு மேல் கிடையாது. எந்த நாள் யாருக்கு என்பது குலுக்கல்.

பதில் 2:
அதாவது ஏற்கெனவே வாக்கு வாங்கியவருக்கே இன்னும் அதிக நேரம். புதிதாக வருகிறவர் எப்படித்தான் மக்களிடம் போய்ச் சேருவது? குறைந்தது மாவட்ட வாரியாக எல்லா வேட்பாளருக்கும் வானொலியில் இரண்டு நிமிடம் கொடுக்கலாமே.

பதில் 3:
நேரம் கிடைத்தாலும் பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2024இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையில் சில சொற்களை எடுக்கச் சொன்னார்கள், அது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

பதில் 1:
அப்புறம் இன்னொன்று, இதெல்லாம் அரசு ஒலிபரப்புக்குத்தான். தனியார் சேனலில் விளம்பரத்துக்கு முன்சான்றிதழ் (ஒளிபரப்புக்கு முன்பே பெறும் அனுமதி) வாங்க வேண்டும், ஆனால் எவ்வளவு நேரம் வாங்கலாம் என்று வரம்பே இல்லை. வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்குக் கிடையாது. பெரிய ஓட்டை அங்கேதான்.