துருப்பைத் திறக்கச் சொன்னால் வெட்டியே ஆகணுமா?

கருங்கல்காரன்:

2011இல் ஷார்ஜாவில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். மூன்று பேர் குமரி மாவட்டம், இரண்டு பேர் திருவனந்தபுரம், ஒருவர் திருச்சூர். வியாழன் ராத்திரி ஆனால் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழிலிருந்து ஆசு வரை 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, பத்துக்கும் ஆசுக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் பூஜ்யம், பாவம். முதல் நாலு சீட்டு கைக்கு வந்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம், 14இல் தொடங்கும். கூடுதல் சொன்னவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அப்புறம் மீதி நாலு சீட்டு. என்ன துருப்பு என்று எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் தெரியாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் கேட்டால்தான் திறக்கும்.

எங்களுக்கு விதி தெரியும் என்று நம்பித்தான் உட்கார்ந்தோம். தெரிந்தது அவரவர் ஊர் விதி மட்டும்தான்.

அன்றைக்கு நான் 17 சொல்லி ஆட்டின் (ஹார்ட்) சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்திருந்தேன். மூன்றாவது பிடியில், அதாவது ஆளுக்கொரு சீட்டு போடும் மூன்றாவது சுற்றில், கிளாவர் இறங்கியது. என் கூட்டாளி கையில் கிளாவர் இல்லை, திறக்கச் சொன்னார். ஆட்டின் என்று பார்த்ததும் ஒரு கணம் யோசித்துவிட்டு, உதவாத டைமன் ஏழைப் போட்டார். அவர் கையில் ஆட்டின் பத்து இருந்தது! அடுத்த கை எதிராளி. அவரிடமும் கிளாவர் இல்லை. ஆட்டின் ஒன்பதால் வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் எங்களுக்குச் சரியாக 17. கூட்டாளியின் பத்து பிற்பாடு எங்கள் பிடியிலேயே விழுந்திருந்தது.

திருச்சூர்க்காரர் எழுந்தே விட்டார். "திறக்கச் சொன்னவன் துருப்பு இருந்தால் வெட்டியே ஆகணும். அந்தப் பத்தை அங்கே போட்டிருந்தால் ஒன்பதுக்குப் போயிருக்கும், உங்களுக்கு 16தான்." கூட்டாளி விடவில்லை. "எங்க ஊர்ல பார்த்துட்டு வெட்டலாம், வெட்டாமலும் போகலாம், மக்கா." எதற்கும் குரலை உயர்த்தாத மனுஷர் அவர். முக்கால் மணி நேரம். சோறு ஆறிப்போனது. அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம், இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லை.

மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினோம். கேட்டால் வெட்டணும். கூட்டாளி சொன்ன ஏலத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் 20க்குக் குறையக் கூடாது. இனம் வைத்துக்கொண்டு வெட்டினால் அந்த ஆட்டமே எதிர்க்கட்சிக்கு. கடைசியாக ஒன்று, என் கையெழுத்தில்: எட்டுப் பிடியும் முடியும்வரை யாரும் கூட்டாளியைத் திட்டக் கூடாது. முடிந்தபின் திட்டலாம், டீ வரும்வரை. உண்மையில் அடிதடி வரை போனதெல்லாம் "அந்த ஆசுவை ஏண்டா போட்டே" என்று ஒரே கட்சிக்குள் தொடங்கியதுதான்.

சுன்னாகம் மருமகன்:

எங்களுக்கு 304 என்ற ஆட்டம். அதே 32 கடதாசிதான், புள்ளிதான் வேறு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலையும் கூட்டினால் 304. உங்கடை ராசா ராணியைவிட எங்கடை ஆட்கள் கொஞ்சம் மரியாதையோடு இருக்கினம்.

எங்கள் வீட்டில் விதி வந்தது மாமாவாலும் மாமியாலும். இரண்டு பேரும் ஒரே கட்சி, தோற்றதே இல்லை. கேள்வி (உங்கடை ஏலம்) நேரத்தில் மாமா "பாஸ்" என்றால் ஒன்றுமில்லை. "சரி, பாஸ்" என்றால் கையில் ஒரு ஜாக் இருக்கும். "ம்ம்... பாஸ்" என்றால் இரண்டு. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு தைப்பொங்கலில் இருந்து அடுத்த பொங்கல் வரை பிடித்தது. எண்ணையோ "பாஸ்" என்பதையோ தவிர வேறு சொல் வரக்கூடாது என்று பெரியண்ணா கட்டளை போட்டார். அடுத்த கிழமை மாமி வளையலைத் தள்ளிவிடத் தொடங்கினா. கடைசியில் புருசன் பெண்சாதி ஒரே பக்கம் இருக்கக் கூடாது என்று வைத்தோம். அன்றுதான் மாமி முதல்முறை மாமாவுக்கு எதிராகக் கேள்வி கேட்டா. அவருடைய இருமல், செருமல் எல்லாம் அவவுக்குத் தெரியும். நாங்கள் கேட்காமலே மொழிபெயர்த்துச் சொன்னா.

பிரிட்ஜ் பைத்தியம்:

வளையல் கதையைப் படித்துச் சிரித்தேன். இது உலகப் போட்டிவரை போன சங்கதி. 1975இல் பெர்முடாவில் நடந்த பிரிட்ஜ் சீட்டாட்ட உலகக் கோப்பையில், கூட்டாளிகள் முகம் பார்க்காதபடி மேசையின் குறுக்கே முதல்முறையாகத் திரை வைத்தார்கள். ஓர் இத்தாலிய ஜோடி மேசைக்கு அடியில் காலால் தட்டிக்கொள்வதாகப் புகார் வந்தது. கண்டித்துவிட்டு, மேசைக்கு அடியில் சின்ன மேசைகளை வைத்துக் கால்களையும் மறைத்தார்கள். கோப்பை அந்த முறை இத்தாலிக்குத்தான் போனது. ஏலத்தைக்கூட இப்போது வாயால் சொல்வதில்லை, பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்கிறோம். உங்கள் மாமாவுக்கு அது சரிப்பட்டு வராது.

கருங்கல்காரன்:

குணுக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கேரளத்திலும் எங்கள் பக்கத்திலும் தோற்ற கட்சி காதில் எதையாவது தொங்கவிடணும், அதற்குப் பெயர் குணுக்கு. ஊரில் பலா இலை. ஷார்ஜாவில் பலா இலைக்கு எங்கே போவது? துணி கிளிப்தான். அடுத்த ஆட்டம் ஜெயித்தால் ஒன்று கழலும், தோற்றால் ஒன்று கூடும். வெளியாள் வந்தால் கழற்றலாமா என்பதை மட்டும் தாளில் எழுதவில்லை. ஒரு ராத்திரி வாடகை வாங்க அறைச் சொந்தக்காரர் வந்து கதவைத் தட்டினார். காதுக்கு மூன்று கிளிப்போடு இருந்த கூட்டாளி எழுந்து போனார். கழற்றலாமா என்று திருச்சூர்க்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

அப்படியே போய்க் கதவைத் திறந்தார்.