விலை கேட்டுவிட்டுப் பசியோடு திரும்பிப் போகிறவருக்கு எப்படிச் சோறு போடுவது?

காரைக்குடி மெஸ்காரன்
காரைக்குடியில் பதினாறு வருடமாக மெஸ் நடத்துகிறேன். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். விலைப் பலகையைப் பார்த்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், "பசியில்லை தம்பி, தண்ணீர் மட்டும் போதும்" என்றார். நான் கல்லாவை விட்டு எழுவதற்குள் போய்விட்டார். "சாப்பாடு 90" என்று அந்தப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியவன் நான்தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கல்லூரி நாளிலிருந்து எனக்கு அமெரிக்க ராக் பாடகர் ஜான் பான் ஜோவியின் பாட்டு என்றால் உயிர். அவரும் மனைவி டொரொத்தியாவும் 2011இல் நியூஜெர்சி ரெட் பேங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். பெயர் சோல் கிச்சன். பட்டியலில் விலையே கிடையாது. இருப்பவர் இன்னொருவர் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்; இல்லாதவர் அங்கே ஏதாவது வேலை செய்யலாம். 2020இல் கொரோனா வந்தபோது அவரே தொட்டியடியில் நின்று தட்டுக் கழுவினார். அரங்கு நிறையப் பாடுகிற மனிதர்!

என் மெஸ்ஸில் 24 பேர்தான் உட்காரலாம். "இலவசம்" என்று பலகை வைக்க மனமில்லை. அதன் கீழே அந்தப் பெரியவர் வந்து உட்காரவே மாட்டார். வேறு வழி சொல்லுங்கள்.

கடல்தாண்டிய கானாடுகாத்தான்
அண்ணே, நான் அந்த சோல் கிச்சனில் சாப்பிட்டிருக்கிறேன். முன்பு கார் பட்டறையாக இருந்த சின்ன இடம். முன் பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்கள். என் எதிரே இருந்தவர் பணம் கொடுத்தாரா, பாத்திரம் கழுவினாரா, எனக்குக் கடைசி வரை தெரியாது. நீங்கள் கேட்கிற வழி அதுதான்.

தேவகோட்டை வளவு
வேலை வாங்குவது நம்மூரில் சரிவராது. பசித்து வந்த பெரியவரிடம் "மாவு ஆட்டிக் கொடுங்கள்" என்று உங்களால் சொல்ல முடியுமா?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் அப்பத்தா வீட்டு வளவில் இலை போடுவார். ஒருமுறை நான் பணியாரம் வைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அப்பத்தா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "இலையைப் பார்த்துப் பரிமாறு" என்றார். அந்தப் பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

பலகையைக் கழற்றுங்கள். வாய் சிறுத்த உண்டியல் ஒன்றை, கல்லாவில் வேண்டாம், கை கழுவும் இடத்தில் வையுங்கள். யார் என்ன போட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியக் கூடாது.

பள்ளத்தூர் கிடார்
2024 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரப் பாலத்தில் பான் ஜோவி செய்ததையும் சொல்ல வேண்டும். கைப்பிடிக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். படப்பிடிப்புக்கு வந்திருந்த அவர் மெதுவாகப் பக்கத்தில் போய்ப் பேசினார். உடன் வந்திருந்த இன்னொரு பெண்ணும் பான் ஜோவியுமாக, வெளியே நின்றவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு அந்தப் பெண்ணை அணைத்துக்கொண்டார்.

காரைக்குடி மெஸ்காரன்
தேவகோட்டை ஆச்சி சொன்னபடியே செய்துவிட்டேன். மதியம் மட்டும் பலகை இல்லை. மண் உண்டியல் கை கழுவும் இடத்தில் இருக்கிறது. மூன்று நாளாகிறது. அரிசிக் கடன் ஏறினால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பெரியவர் மட்டும் இன்னும் வரவில்லை. மஞ்சள் துணிப்பை, இடது காலைச் சற்றே இழுத்து நடப்பார். பஸ் நிலையப் பக்கம் யாராவது பார்த்தால், பலகையைக் கழற்றியாயிற்று என்று அவரிடம் சொல்லுங்கள்.