பீடித்தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வானொலி: செய்தி சொல்ல முடியாத நிலையத்தால் என்ன பயன்?

கேள்வி: முக்கூடல்காரன்

வணக்கம். தாமிரபரணிக் கரையில் உள்ள முக்கூடலில், பதிவு பெற்ற சிறு சங்கம் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பகம், ஞாயிற்றுக்கிழமையில் பி.எஃப். விண்ணப்பம், ஓய்வூதிய மனு ஆகியவற்றை எழுதிக் கொடுப்பது என்று எங்கள் வேலை போகிறது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக, ஊர்மக்களே தங்கள் சிறு வட்டாரத்துக்கு நடத்தும் சமுதாய வானொலி ஒன்றைத் தொடங்கலாமா என்று சங்கத்தில் பேசி வருகிறோம். கூலி, சாதிப் பாகுபாடு, பெண்களின் நிலை ஆகியவை ஒரு பக்கமும், கொடை விழாக்களில் பெட்டி ஸ்பீக்கரின் இரைச்சலுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டிருக்கும் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் மறுபக்கமுமாக நிகழ்ச்சிகளை அமைக்க எண்ணம்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1949-இல் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையம், விளம்பரத்தை நம்பாமல் நேயர்கள் தரும் பணத்தில், போர் எதிர்ப்புப் பேச்சையும் நாட்டுப்புற இசையையும் ஒரே அலைவரிசையில் கொடுத்து இன்றுவரை நிற்பதைப் படித்த பிறகுதான் இந்த ஆசை வலுப்பட்டது. ஆனால் நம் நாட்டு விதிகளின்படி சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது, அரசியல் நிகழ்ச்சியும் கூடாது. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் 17 பேர் உயிரிழந்த ஆற்றின் கரையில் இருந்துகொண்டு, உரிமையைப் பேச முடியாத ஒரு நிலையத்தை நடத்துவதால் என்ன பயன் என்று சங்கத்தில் இளையவர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பணத்துக்கு என்ன வழி, பாட்டுகளுக்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நல்லது.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ரேடியோ என்றால் கோயில் கொடைக்கு மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிதான். ரேடியோ தொடங்கப் போகிறோம் என்று நான் சொன்னவுடன், பக்கத்து வீட்டு ஆச்சி எந்தக் கோயில் கொடைக்கு என்று கேட்டார்.

பதில்: ஒலிக்கூடத்தில் இருந்தவன்

தம்பிக்கு வணக்கம். வேறொரு மாவட்டத்தில், ஒரு சமுதாய வானொலியில் ஆறு ஆண்டுகள் நிகழ்ச்சி தயாரித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்த பிறகும், முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே வழி திறந்தது. அப்படித்தான் 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் வந்தது. உங்களைப் போன்ற சங்கங்களுக்கு 2006-ஆம் ஆண்டுக் கொள்கைதான் இடம் கொடுத்தது. அந்தக் கொள்கையின் கீழ், இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், 2008-இல் தலித் பெண்கள் நடத்தத் தொடங்கிய சங்கம் ரேடியோவைப் பற்றி உங்கள் இளையவர்களுக்குச் சொல்லுங்கள். விதை, கூலி, சாப்பாடு, பாட்டு என்று தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தங்கள் வட்டாரத் தெலுங்கில் பேசுகிறார்கள். அதைச் செய்தி என்று எவரும் தடுக்கவில்லை.

செய்தி கூடாது என்ற விதி எனக்கும் உடன்பாடானது அன்று. பொதுநல வழக்குகள் தொடரும் காமன் காஸ் அமைப்பு 2013-இல் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஆயினும் விதிக்குள் கிடைக்கும் இடம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். குடிநீர், மின்சாரம், வேலைவாய்ப்பு, தேர்வு, வானிலை, இயற்கைச் சீற்றம் பற்றிய தகவல்கள் செய்தியாகக் கருதப்படுவதில்லை. அதற்கு மேல், ஒருவர் தன் அனுபவத்தைத் தானே சொல்வது என்ற வழியும் இருக்கிறது. நியாய விலைக் கடை பூட்டிக் கிடந்தது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஓர் அம்மா பையை எடுத்துக்கொண்டு அந்த மாதத்தில் எத்தனை தடவை நடந்தார், ஒவ்வொரு தடவையும் யார் வீட்டுப் படியில் உட்கார்ந்து காத்திருந்தார் என்பதை அவர் வாயாலேயே பன்னிரண்டு நிமிடம் பேச விட்டோம். மறுநாள் காலையிலேயே ஓர் அலுவலகத்திலிருந்து, நீங்கள் செய்தி வாசித்தீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டார்கள். ஒலிபரப்பிய எதையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதியாதலால், பதிவு எங்கள் கையில் இருந்தது. போட்டுக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். கடை அந்த வாரமே திறந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

விண்ணப்பத்துக்குச் சங்கம் குறைந்தது மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தடையில்லை. 2024-இல் திருத்திய கொள்கையின்படி அனுமதி பத்தாண்டுக்குக் கிடைக்கிறது, மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒலிபரப்பி 50 வாட், கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சமவெளியில் பத்து கிலோமீட்டர் வரை நன்றாகக் கேட்கும். பாப்பாக்குடிக்குக் கவலையில்லை, ஆனால் ஆலங்குளம்வரை எட்டும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. மூன்று பேருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதுதான் கழுத்தைப் பிடிக்கும். பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தே தங்கள் வானொலிகளை நடத்தினார்கள். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய் என்று வாங்கத் தொடங்குங்கள். பணம் கொடுத்தவர் உரிமையோடு குறை சொல்லவும் வருவார், நிகழ்ச்சிக்கு அது நல்லது.

பதில்: ஆலங்குளத்துப் பெண்

என் அம்மா முப்பது ஆண்டு பீடி சுற்றியவர். நானும் கல்லூரிக்குப் போகும்வரை அவருக்கு இலை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எனவே ஒலிபரப்பியைவிட, கேட்பவரின் மடியில் இருக்கும் தட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

பீடி சுற்றும்போது கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லை. ஈர இலையை அளவுத் தகடு வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றிக் கட்ட வேண்டும். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே செய்தால் கட்டு தளர்ந்துவிடும், இலை கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் தரமில்லை என்று கழித்துத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். காது ஒன்றுதான் சும்மா இருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் காதுக்கு முதலில் இலங்கை வானொலி இருந்தது, பிறகு 1197 கிலோ ஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலி இருந்தது. இப்போது பேரன் கைப்பேசியில் எதையாவது போட்டுக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆகவே நிகழ்ச்சியைக் காலை பதினொரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் வையுங்கள். மாலை ஆறு மணிக்குப் புரட்சியே நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது, எல்லாரும் பீடிக்கடையில் வரிசையில் நிற்பார்கள்.

இனி ஒலிக்கூடத்து அண்ணாச்சி சொன்ன அந்த அனுபவப் பேச்சுக்கு வருகிறேன். அது பாதுகாப்பானது என்று அவர் எண்ணுவது நிலையத்துக்குப் பொருந்தும், பேசிய அம்மாவுக்குப் பொருந்துமா? தள்ளுபடி எண்ணிக்கையைப் பற்றி ஒரு பெண் வானொலியில் பேசினால், பெயரைச் சொல்லாவிட்டாலும், கேட்டவுடன் இன்னார் என்று தெரு முழுவதும் சொல்லிவிடும். மறுநாள் கடையில் அவருக்கு ஒன்றும் ஆகாது. இலை மட்டும் கொஞ்சம் மட்டமானதாக வந்து சேரும். நல்ல இலையில் ஆயிரம் தேறுகிற இடத்தில் எண்ணூறுதான் தேறும். இதை எந்த ஆவணத்தாலும் நிரூபிக்க முடியாது. எங்கள் வீட்டில் இது நடந்திருக்கிறது. எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்.

எனவே தனி ஆளாக எவரையும் மைக்கின் முன்னால் உட்கார வைக்காதீர்கள். எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே பேசட்டும். யார் எதைச் சொன்னார் என்று பிரிக்க முடியாதபடி பேச்சு ஒன்றின்மேல் ஒன்று விழட்டும். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அது பிடிக்காது, தெரியும். பொறுத்துக்கொள்ளட்டும்.

பதில்: குடத்துக்காரர் மகன்

பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் தந்தை வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர்.

உங்கள் இளையவர்கள் சமூக நீதிப் பாட்டு வேண்டுமென்று வெளியூரில் தேட வேண்டியதில்லை. முத்துப்பட்டன் கதை நம் மண்ணுடையது. பிராமண இளைஞன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை விரும்புகிறான். பெண்களின் தந்தை வாலப்பகடை கேட்டபடி பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைத்துக் காட்டி மணம் முடிக்கிறான். காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகளே, வாலப்பகடை காட்டில் கண்டெடுத்து வளர்த்தான் என்றும் ஒரு வடிவத்தில் பாடுகிறார்கள். சாதி கடந்த மணத்தைப் பொறுக்க முடியாதவர்களுக்காகப் பின்னால் சேர்த்த பகுதி அது என்பதை, இக்கதையைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். உங்கள் நிலையம் எந்த வடிவத்தை ஒலிபரப்பும்? வில்லுப்பாட்டைப் பாடும் புலவரிடம் போய், அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பாடுங்கள் என்று சொல்வீர்களா, அல்லது இரண்டையும் பாட வைத்து, ஏன் இரண்டு என்று அவரையே கேட்பீர்களா? நான் இரண்டாவதைத்தான் செய்வேன், அதற்குக் கொடை நடத்துபவர்களின் முகம் சுளிக்கும் என்று தெரிந்தே.

சுடலைமாடனையும் இசக்கியையும் வரவழைக்கப் பாடும் வரத்துப் பாட்டைக் கலைஞர்கள் பதிவுக்குப் பாட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். கேட்கிற வீட்டில் யாருக்காவது அருள் வந்துவிட்டால் சாமியை இறக்க அங்கே யார் இருப்பார் என்று என் தந்தை கேட்பார். கணியான் கூத்தில் மகுடம் என்னும் பறையை முடுக்கும் கட்டத்துக்கும் இதுவே பொருந்தும்.

கதை பொதுவானது என்பதால் பாடியவரின் உரிமையும் பொதுவாகிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கெனத் தனி உரிமை தருகிறது. வானொலிக்கு மட்டும், இத்தனை தடவை மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பணமும் கொடுங்கள். எங்கள் குழுவின் கொடைப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போன ஒருவர் அதை இணையத்தில் விற்றார், எங்களுக்குத் தேநீர்க் காசுகூட வரவில்லை. திரைப்பாடல்களுக்கு உரிமம் தனி, விலையும் அதிகம். இல்லாமலே நடத்தலாம். பழைய பதிவுகளைத் தேடுவதற்குப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தை அணுகிப் பாருங்கள்.

பதில்: தென்காசி வாசகர்

உரிமத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வரா, தொலைபேசியிலேயே நடக்கிறது. மக்கள் அழைத்துத் தங்கள் குறையைக் கோண்டி மொழியிலும் பேசிப் பதிவு செய்கிறார்கள், ஒரு குழு சரிபார்த்து வெளியிடுகிறது, மற்றவர்கள் அழைத்துக் கேட்கிறார்கள். அலைவரிசையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், செய்தித் தடையும் அங்கே வராது.

பதில்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து

தென்காசி அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எங்கள் ஊர் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றுபோனது நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, கைப்பேசியில் ஒரு கோடும் இல்லை. பாலம் எது உடைந்தது, படகு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் மாடியில் உட்கார்ந்திருந்தோம். 50 வாட் ஒலிபரப்பியை இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே ஓட்டலாம். கோபுரத்தைக் கட்டுங்கள். ஆற்றங்கரையில் தாழ்வான இடத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

முக்கூடல்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்றுச் சங்கத்தில் இந்தப் பதில்களை அப்படியே வாசித்தோம். இளையவர்கள் முழுவதும் சமாதானம் ஆகவில்லை. ஆயினும் அனுமதிக்கு விண்ணப்பிப்பதென்று முடிவாயிற்று. அது வரும்வரை வாரம் ஒரு பதிவு செய்து, படிப்பகத் திண்ணையில் சிறிய பெட்டியில் போட்டுக் கேட்கப் போகிறோம். ஆலங்குளத்து அக்கா சொன்னபடி எட்டுப் பேரை அழைத்தோம், பதினான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சியும் வருகிறார், கொடை எந்தத் தேதி என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். முதல் பதிவு வருகிற வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. பழைய ஒலிப்பதிவுக் கருவியும் காற்றிரைச்சல் தடுக்கும் மைக் உறையும் யாரிடமாவது சும்மா கிடந்தால் இரவல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கருவியை வாங்கிச் செல்ல நானே வந்துவிடுவேன்.